கை வீக்கத்துக்குக் கொலாஜன் நூல்: நம்பலாமா?

திருச்சி_மகள்: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சையில் அக்குள் நிணநீர்க் கணுக்களையும் எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து வலது கை வீங்கியே இருக்கிறது. பகலில் கையை அழுத்திப் பிடிக்கும் ஸ்லீவ், ராத்திரி கட்டு. தோலுக்கு அடியில் கொலாஜன் நூல் வைத்தால் புது நிணநீர்க் குழாய் வளரும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். நம்பலாமா?

செல்கூடு: நம்பலாம் அக்கா. பயோபிரிட்ஜ் என்று பெயர், கலிஃபோர்னியாவில் உருவானது. கொலாஜன் என்ற புரதத்தின் நுண்ணிழைகளை ஒரே திசையில் அடுக்கிய நூல். வீங்கிய இடத்திலிருந்து நல்ல இடம் வரை தோலடியில் வைப்பார்கள். செல்கள் அந்த இழைத் திசையைப் பிடித்துக்கொண்டு நகரும். பன்றிகளில் செய்த ஆய்வில் நூலை ஒட்டிப் புதுக் குழாய்கள் வந்தன. 2016-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதியும் கிடைத்தது.

பழைய_பிசியோ: தம்பி, பாதியை விட்டுவிட்டீர்கள். அந்த அனுமதி மென்திசுவுக்கு வலுவூட்டும் பொருள் என்ற வகையில் தரப்பட்டது. நிணநீர் வீக்கத்தைக் குணமாக்கும் என்று நிரூபித்து வாங்கியதல்ல. வீடியோக்காரர்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள்.

செல்கூடு: சரி சார், ஆனால் உங்கள் கட்டும் ஸ்லீவும் எதைக் குணமாக்குகின்றன? மே மாத வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு இருப்பவர்களைக் கேளுங்கள். ஆயுள் முழுக்க அதுதானா?

பழைய_பிசியோ: கட்டு குணமாக்கும் என்று நான் எங்கே சொன்னேன்? வீக்கம் கூடாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். லிம்ஃபாக்டின் என்ற மரபணு மருந்தின் கதை தெரியுமா? நிணநீர்க் குழாயை வளர்க்கும் வி.இ.ஜி.எஃப்-சி என்ற புரதத்தை 1996-இல் ஹெல்சின்கியில் கரி அலிடாலோவின் குழு விவரித்தது. அதன் மரபணுவை அடினோவைரஸ் என்ற வைரஸில் ஏற்றி, உடலின் வேறிடத்துக் கணுவை எடுத்து வைக்கும் நிணநீர்க் கணு மாற்று அறுவையோடு சேர்த்துக் கொடுத்தார்கள். 39 பேரிடம் நடந்த இரண்டாம் கட்டச் சோதனையின் முடிவு 2021-இல் வந்தது. தெளிவான பலன் இல்லை. நிறுவனம் கைவிட்டது. அதுவும் எலியிலும் பன்றியிலும் ஜோராக வேலை செய்த மருந்துதான்.

செல்கூடு: அந்தச் சோதனையில் மருந்து பெறாத ஒப்பீட்டுக் குழுவுக்கும் கணு மாற்று அறுவை நடந்தது. அதற்கே பலன் உண்டு என்றால் வித்தியாசம் எப்படித் தெரியும்? தவிர, அது வளரச் சொல்லும் சமிக்ஞை மட்டும். எந்தப் பக்கம் வளர வேண்டும் என்று நூல்தான் காட்டுகிறது.

பழைய_பிசியோ: வாய்க்கால் வெட்டினால் போதுமா, ஏற்றம் யார் இறைப்பது? பெரிய நிணநீர்க் குழாயின் சுவரில் தசை இருக்கிறது, அது சுருங்கித்தான் நீரை மேலே தள்ளுகிறது. திரும்பி வராமல் வால்வுகள் தடுக்கின்றன. புதிதாக முளைப்பவை பெரும்பாலும் தசையும் வால்வும் இல்லாத நுண்குழாய்கள். முற்றிய கையிலோ தேங்கி நிற்பது நீர் மட்டுமல்ல, கொழுப்பும் நாரும். ஸ்வீடனில் ப்ரோர்சன் என்ற அறுவை மருத்துவர் அந்தக் கொழுப்பை உறிஞ்சி எடுத்துக் காட்டியிருக்கிறார், அதற்கு அப்புறமும் ஸ்லீவ் போட்டே ஆக வேண்டும்.

குடந்தையான்: நடுவில் ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் இந்த வீக்கம் என்றாலே யானைக்கால்தான். அங்கே புழு குழாய்க்குள்ளேயே குடியிருந்து அதைக் கெடுக்கிறது. காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் துடைத்து, விரலிடுக்குப் புண்ணைக் கவனித்தாலே காய்ச்சலோடு வரும் தாக்குதல்கள் குறைகின்றன. நூல் யாருக்குக் கட்டுப்படியாகும்?

செல்கூடு: விலையை வைத்து ஆராய்ச்சியே வேண்டாம் என்பதா? தசைச் செல்லையும் வால்வையும் ஆய்வகத்தில் உருவாக்கவும் முயல்கிறார்கள்.

பழைய_பிசியோ: முயலட்டும். அதுவரை நோயாளியிடம் விற்க வேண்டாம் என்கிறேன்.

திருச்சி_மகள்: நீங்கள் சண்டை போடுங்கள். அம்மா கையை விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. அது எந்த நிலை?

பழைய_பிசியோ: குழி விழுந்தால் நீர்தான் அதிகம், இன்னும் இறுகவில்லை சகோதரி. பச்சைச் சாயம் செலுத்தி எடுக்கும் ஐசிஜி படம் பற்றி மைக்ரோசர்ஜரி மருத்துவரிடம் கேளுங்கள். ஓடும் குழாய் மிச்சமிருந்தால் அதைச் சிரையோடு இணைக்கும் அறுவை சிகிச்சை இப்போதே உண்டு. ஸ்லீவை மட்டும் கழற்றிவிடாதீர்கள்.

செல்கூடு: இதில் சாரோடு ஒத்துப்போகிறேன் அக்கா. நூல் வைக்கிறேன் என்று யாராவது சொன்னால், ஒப்பீட்டுக் குழு உள்ள ஆய்வா, யார் பணம் கட்டுவது என்று முதலில் கேளுங்கள்.