ஏற்காடு ஏறி இறங்கிய தைரியத்தில் பனிக்கட்டிச் சாலையில் வண்டி எடுக்காதீர்கள்

வெளிநாட்டுக்குப் படிக்கவும் வேலைக்கும் கிளம்புகிற சேலத்துப் பிள்ளைகள் கேட்பதில் பாதி வாடகை வீட்டைப் பற்றியது; மீதியில் பெரும்பங்கு அரிசி, மிளகாய்த்தூள், புளி. இவற்றுக்கு நடுவே தவறாமல் ஒரு கேள்வி வரும்: "அண்ணா, அங்கே போனதும் ஒரு பழைய பைக் வாங்கலாம் என்று இருக்கிறேன். குளிர்காலத்தில் ஓட்ட முடியாதா? நாங்கள் ஏற்காட்டையே மழையில் ஏறி இறங்கியவர்கள்." ஜெர்மனியில் பல குளிர்காலங்களைக் கழித்துவிட்டு இப்போது சேலம் கோரிமேட்டில் குடியிருக்கிறேன் என்பதால் இந்தக் கேள்வி சுற்றிச் சுற்றி என்னிடமே வருகிறது. ஆளுக்கு ஒரு பதில் சொல்வதை விட இங்கே எழுதிவிடுவது மேல்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நவம்பர் பாதியிலிருந்து மார்ச் வரை வண்டியை மூடி வையுங்கள். பஸ், டிராம், ரயிலில் போய் வாருங்கள். காரணம் வேண்டுமென்றால் மேலே படியுங்கள். "ஓட்டித்தான் ஆக வேண்டும்" என்று நிற்பவர்கள் கட்டாயம் படியுங்கள்.

ஏற்காட்டுப் பழக்கம் அங்கே கைகொடுக்காது என்பதோடு நிற்பதில்லை, காலையும் வாரிவிடும். அடிவாரத்துக்கு மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். மழையில் இறங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? கியரைக் குறைத்து என்ஜின் பிடிப்பில் இறங்குகிறோம். பின் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடுகிறோம். வளைவில் வண்டியைச் சாய்க்கிறோம். பின்சக்கரம் லேசாக நழுவினால் இடுப்புக்குத் தெரிந்துவிடும், உடனே நிமிர்த்திக்கொள்வோம். இந்த வித்தை எல்லாம் டயருக்குக் கொஞ்சமாவது பிடிமானம் இருக்கும்வரைதான். பனிக்கட்டியின் மேல் கியரைச் சட்டென்று குறைத்தாலே பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். சாய்த்தால் கேட்கவே வேண்டாம். நழுவுவது தெரிந்த கணமும் தரையில் கிடக்கிற கணமும் ஒன்றுதான். நடுவில் திருத்திக்கொள்ள இடைவெளி கிடையாது.

கணக்காகவே பாருங்கள். உலர்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் கெழு, அதாவது டயர் சாலையைப் பிடிக்கும் அளவு, சுமார் 0.7. பனிக்கட்டியின் மேல் சுமார் 0.1. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, பிரேக் பிடித்த இடத்திலிருந்து உலர்ந்த சாலையில் ஏறத்தாழ 14 மீட்டரில் நிற்கும். பனிக்கட்டியில் 100 மீட்டர் ஆகும், அதுவும் விழாமல் நேராகப் போனால். நிற்கும் தூரம் பத்து மடங்கு வரை கூடலாம் என்று பிரிட்டனின் சாலை விதிப் புத்தகமான ஹைவே கோடும் எச்சரிக்கிறது. நம் சேலம் ஐந்து ரோடு சிக்னலில் நிற்க நினைத்தவர் மேம்பாலத் தூண்கள் இரண்டு மூன்றைக் கடந்த பிறகே நிற்பார். ஏபிஎஸ் இருக்கிறதே என்பார்கள். ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். இல்லாத பிடிமானத்தை அது எங்கிருந்து கொண்டுவரும்?

வெள்ளையாகக் குவிந்து கிடக்கும் பனியை நினைத்து யாரும் பயப்பட வேண்டாம். அது கண்ணுக்குத் தெரியும், தெரிந்தால் யாரும் வண்டியை எடுக்க மாட்டார்கள். ஆளைக் கொல்வது பிளாக் ஐஸ் என்கிற மெல்லிய படலம். அடியிலிருக்கும் தாரின் கறுப்பு அப்படியே தெரிவதால் சாலை வெறுமனே ஈரமாக இருப்பதாகத்தான் தோன்றும். ஏற்காட்டுப் பாதையில் மழை விட்ட மறுநாளும் மலைச்சரிவிலிருந்து ஒரு விரற்கடை அகலத்துக்கு நீர் வழிந்து வளைவின் குறுக்கே ஓடிக்கொண்டிருக்கும், கவனித்திருப்பீர்கள். நாம் அதைக் கண்டுகொள்வதே இல்லை. டயர் சளக்கென்று ஏறி இறங்கிவிடும். அங்கேயும் அதே நீர்தான். பகல் வெயிலில் சாலையோரப் பனி உருகி வழிகிறது, இரவில் உறைந்துவிடுகிறது. முந்தின நாள் மாலை பத்திரமாகக் கடந்த அதே வளைவு காலை ஏழு மணிக்கு வேறு வளைவாகிவிடும்.

பாலங்கள் முதலில் உறையும். மேலும் கீழும் குளிர்காற்று பட, அடியில் சூட்டைத் தேக்கி வைக்க மண் கிடையாது. காட்டுக்குள் போகும் சாலையில் வெயிலே படாத திருப்பங்கள், ஆற்றங்கரை, உயர்ந்த கட்டடத்தின் நிழல் இவையெல்லாம் கடைசியில்தான் உருகும். இன்னொன்று: செல்பேசி 3 டிகிரி என்று காட்டினால் உறையாது என்று நம்பிவிடாதீர்கள். மேகமில்லாத இரவில் தரை வெப்பத்தை வானுக்கு விட்டுவிட்டுக் காற்றை விடக் குளிர்ந்து கிடக்கும். அதனால்தான் பல கார்கள் 3, 4 டிகிரியிலேயே எச்சரிக்கை காட்டுகின்றன. முன்னால் போகும் காரைப் பாருங்கள்: சாலை ஈரமாகத் தெரிந்தும் சக்கரத்திலிருந்து நீர் தெறிக்கவில்லை, டயரின் சத்தமும் திடீரென்று அடங்கிவிட்டது என்றால் அது தண்ணீர் இல்லை.

விழுவதற்கு வேகம்கூட வேண்டாம். ஆத்தூர்க்காரர் ஒருவர், பதினைந்து வயதிலிருந்து வண்டி ஓட்டுகிறவர், அங்கே 125 சிசி ஸ்கூட்டர் வைத்திருந்தார். ஒரு ஜனவரிக் காலையில் சிக்னலில் அழகாகத்தான் நிறுத்தினார். நிறுத்திவிட்டு வழக்கம்போல இடது காலை ஊன்றினார். பூட்ஸ் ஊன்றிய இடம் உறைந்த தேக்கம். கால் வெளிப்பக்கம் போய்க்கொண்டே இருந்தது, ஸ்கூட்டர் அவர் தொடையின் மேல் மெதுவாகப் படுத்தது, தடுக்க நீட்டிய கையில் மணிக்கட்டு முறிந்தது. ஸ்பீடாமீட்டர் பூஜ்யம். நல்ல வேளையாகப் பின்னால் யாரும் வரவில்லை. விழுவதை விடப் பெரிய ஆபத்து அதுதான்: நாம் விழுந்த அதே படலத்தில் பின்னால் வருபவருக்கும் நிற்க முடியாது. ஆகவே விழுந்தால் வண்டியைத் தூக்க முயலாதீர்கள். எழ முடிந்தால் முதலில் சாலையை விட்டு விலகித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விடுங்கள்.

குளிரும் தனி எதிரி. ஏற்காட்டில் பன்னிரண்டு டிகிரிக்கே குல்லாயும் ஸ்வெட்டருமாகத் திரிகிறவர்கள் நாம். பூஜ்யம் டிகிரியில் 50 கிலோமீட்டர் வேகக் காற்று பட்டால் உடம்புக்கு அது மைனஸ் 8 போலத் தெரியும். சிறிது நேரத்தில் விரல் மரத்துவிடும். மரத்த விரலுக்கு பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பது தெரியாது. மூச்சு பட்டு ஹெல்மெட் கண்ணாடி மூடிக்கொள்ளும். பின்லாக் என்று ஓர் உள்கண்ணாடி விற்கிறார்கள், தயங்காமல் வாங்கிப் போடுங்கள். இங்கே ஏற்காட்டு லேடீஸ் சீட் பக்கம் வண்டியை மறைக்கும் மூடுபனி சாலையை ஈரமாக்குவதோடு விட்டுவிடும். அங்கே உறைபனிக் காலத்து மூடுபனி பட்ட இடத்திலேயே உறையும், கண்ணாடி உட்பட.

"ஜெர்மன்காரர்கள் பனியில் பைக் ஓட்டுகிறார்களே, படம் பார்த்தேன்" என்று ஒரு தம்பி கேட்டார். ஓட்டுகிறார்கள். 1956 முதல் நடக்கிற எலஃபான்டென்ட்ரெஃபன் என்ற குளிர்காலக் கூடலுக்குப் பவேரியக் காட்டுக்கு வண்டியிலேயே வந்து பனியில் கூடாரம் போடுகிறார்கள். ஆனால் அங்கே வருகிற வண்டிகளில் எத்தனை சைடுகார் பொருத்தியவை என்றும் பாருங்கள். மூன்றாவது சக்கரம் இருந்தால் எளிதில் கவிழாது. ஆணி பதித்த டயரை மாட்டிக்கொள்ளலாம் என்றால், ஜெர்மனியின் பொதுச் சாலைகளில் பொதுவாக அதற்குத் தடை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், இது பலருக்குத் தெரிவதில்லை. கார்களுக்குப் பனிச்சாலையில் குளிர்கால டயர் கட்டாயம். இருசக்கர வண்டிக்கு 2017 முதல் விலக்கு. அதைச் சலுகை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. விலக்கோடு நிபந்தனைகளும் உண்டு: இந்தப் பயணம் தேவைதானா என்று கிளம்புமுன் யோசிக்க வேண்டும், 50 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது, முன்னால் போகும் வண்டிக்கு வேகத்தில் பாதி அளவு மீட்டர் (40 கிலோமீட்டர் வேகமென்றால் 20 மீட்டர்) இடைவெளி விட வேண்டும். பைக்காரர்கள் பலர் பருவ எண் பலகை வாங்கிவிடுகிறார்கள். மார்ச் முதல் அக்டோபர் வரை என்று பலகையிலேயே மாதம் குறித்திருக்கும். அந்த மாதங்களுக்கு மட்டும் வரியும் காப்பீடும். மற்ற மாதங்களில் வண்டியைப் பொதுச் சாலையில் நிறுத்தி வைக்கவும் கூடாது.

எனக்கு உண்மையில் கவலை தருபவர்கள் ஸ்கூட்டரிலும் மின்சைக்கிளிலும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் மாணவர்கள். பனி கொட்டும் இரவில்தான் ஆர்டர் குவியும், கூலியும் கொஞ்சம் கூடும். ஊரில் கல்விக்கடன் தவணை நிற்கிறது என்பது எனக்கும் தெரியும். ஆனால் உறைமழை, அதாவது தரையில் பட்டதும் உறைகிற மழை, வருமென்று எச்சரிக்கை வந்த இரவில் செயலியை அணைத்துவிடுங்கள். அந்த ஓர் இரவுக் கூலி போனால் அடுத்த வாரம் சம்பாதிக்கலாம். கால் முறிந்தால் படிப்பில் அந்தப் பருவமே போய்விடும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே பனிக்கட்டியில் மாட்டிக்கொண்டால் செய்வதற்கு அதிகம் இல்லை. கிளட்சை மெதுவாகப் பிடியுங்கள், கைப்பிடியை நேராக வையுங்கள், முன் பிரேக்கைத் தொடாதீர்கள், வேகம் தானாக இறங்கட்டும். டிராம் தண்டவாளம், சாக்கடை மூடி, வெள்ளைக் கோடுகள் இவற்றைச் சாய்வில் கடக்காதீர்கள். பக்கத்தில் ஒதுங்க இடம் கிடைத்ததும் நிறுத்திவிட்டு பஸ் ஏறுங்கள்.

மூடி வைக்குமுன் வண்டியைக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். சாலையில் தூவும் உப்பு செயினையும் டிஸ்க்கையும் அரித்துவிடும்; வெந்நீர் அந்த அரிப்பை வேகப்படுத்தும். டேங்கை நிரப்பி, பேட்டரியைக் கழற்றி அறைக்குள் வையுங்கள், டயரில் காற்று சரியாக இருக்கட்டும்.

மார்ச்சில் வெயிலைக் கண்டதும் துள்ள வேண்டாம். பனி போன பிறகும் அதற்காகத் தூவிய சரளை திருப்பங்களில் வாரக்கணக்கில் கிடக்கும். நம் ஊர் ஓட்டுநர் உரிமம் ஜெர்மனியில் குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும், பிறகு எழுத்துத் தேர்விலும் வண்டி ஓட்டிக் காட்டும் தேர்விலும் தேறியாக வேண்டும். அக்டோபரில் போய் இறங்குகிறவர்களுக்கு வண்டி ஓட்டும் பருவம் தொடங்கும்போது அந்த ஆறு மாதம் கிட்டத்தட்ட முடிந்திருக்கும். டிசம்பர், ஜனவரியில் வீட்டில் அடைந்து கிடக்கும்போதே எழுத்துத் தேர்வுக்குப் படித்து முடித்துவிடுங்கள்; பயிற்சிப் பள்ளிகளில் ஏப்ரல் வகுப்புக்கு இடம் சீக்கிரம் நிரம்பிவிடும்.