வில்லின் ராடுகளும் எடைகளும்: முழு இழுப்பில் தெரிந்துகொண்டவை

ரிகர்வ் (முனைகள் முன்னோக்கி வளைந்த வில்) எய்பவரின் அனுபவம்

வில் ஆடாமல் நிற்க அதில் மாட்டும் ராடுகளும் எடைகளுமான ஸ்டெபிலைசரைப் பற்றி நான் கற்றுக்கொண்டவற்றில் பெரும்பகுதி, முன்னணி வீரர் ஒருவரின் வில்லைப் புகைப்படத்தில் பார்த்து, அதில் தெரிந்த எடைத் தகடுகளை எண்ணி, அப்படியே என் வில்லிலும் மாட்டிக்கொண்ட தவறிலிருந்து வந்தது. முன்னோக்கி நீளும் 30 அங்குல லாங் ராடின் முனையில் 7 அவுன்ஸ், பின்னோக்கி விரியும் 12 அங்குல சைடு ராடுகள் இரண்டிலும் தலா 9 அவுன்ஸ். ஓர் அவுன்ஸ் ஏறத்தாழ 28 கிராம் என்பதால், ராடுகளின் எடையைச் சேர்க்காமலேயே 700 கிராம் கூடுதலாகத் தொங்கியது.

முதல் 36 அம்புகள் வரை நான் செய்தது சரியென்றே தோன்றியது. சைட் பின் (குறி பார்க்கும் முனை) இலக்கின் நடு மஞ்சளை விட்டு அகலவில்லை. 72 அம்புகள் கொண்ட 70 மீட்டர் சுற்றின் பிற்பாதியில்தான் அம்புகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கத் தொடங்கின. நான் சைட்டைத் திருத்தினேன், நாணின் முறுக்கைச் சரிபார்த்தேன், முழு இழுப்பை ஒலியால் உணர்த்தும் கிளிக்கரையும் சந்தேகப்பட்டேன். என் இடது தோளை மட்டும் சந்தேகிக்கவில்லை. பக்கவாட்டிலிருந்து எடுத்த காணொளியைப் பார்த்தபோதுதான், நாண் விடுபடும் கணத்துக்குச் சற்று முன்பே விற்கை தாழ்வதும், அதை ஈடுகட்டத் தோள் மேலேறுவதும் தெரிந்தன.

எடையின் அளவைக் காட்டிலும் அது இருக்கும் இடம் முக்கியமானது என்பது அதன் பிறகே எனக்கு உறைத்தது. வில் முன்னே சாய்கிறதா பின்னே சாய்கிறதா என்பதை எடையும் கைப்பிடியிலிருந்து அதன் தூரமும் பெருகிய அளவு தீர்மானிக்கிறது. வில் திரும்புவதை எதிர்க்கும் ஆற்றலோ தூரத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. 30 அங்குலத்தில் உள்ள ஓர் அவுன்ஸ், 15 அங்குலத்தில் உள்ள ஓர் அவுன்ஸைப் போல நான்கு மடங்கு உறுதியைத் தரும் என்றாலும், சாய்வதில் அதன் பங்கு இரு மடங்குதான். நீண்ட ராடில் சிறிய எடை வைப்பதற்கு அடிப்படைக் காரணம் இதுவே.

பின்பக்கக் கணக்கில்தான் நான் ஏமாந்தேன். 12 அங்குல சைடு ராடை வி-பாரில் (சைடு ராடுகளை இணைக்கும் V வடிவத் துண்டு) 45 பாகை விரித்து வைத்தால், பின்னோக்கி அது தருவது சுமார் 8.5 அங்குலம் மட்டுமே. ஆகவே முன்முனையில் உள்ள ஓர் அவுன்ஸை ஈடுகட்டப் பின்னால் மூன்றரை அவுன்ஸ் வேண்டும். போதாக்குறைக்கு, என் வில்லில் பழைய 4 அங்குல எக்ஸ்டென்டர் (வில்லுக்கும் வி-பாருக்கும் இடையே மாட்டும் நீட்டிப்புத் துண்டு) ஒன்று இருந்தது. அது லாங் ராடை 34 அங்குலத்துக்குத் தள்ளியதோடு, வி-பாரையும் முன்னே கொண்டுபோய்ப் பின்னோக்கிய தூரத்தை நாலரை அங்குலமாகக் குறைத்துவிட்டது. தகடுகளின் எண்ணிக்கை அந்தப் புகைப்படத்தோடு பொருந்தியது; சமநிலை துளியும் பொருந்தவில்லை. (புகைப்படத்தில் அவருடைய தோள் எவ்வளவு வலுவானது என்பதும் தெரியாதல்லவா?)

பிறகு எக்ஸ்டென்டரையும் எல்லாத் தகடுகளையும் கழற்றிவிட்டு வெறும் ராடுகளோடு தொடங்கினேன். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், ஓர் அவுன்ஸ், அதற்கு மூன்று சுற்று அம்புகள் என்று விதி வைத்துக்கொண்டேன். முழு இழுப்பில் சைட் பின் மெதுவாகக் கீழே வழிந்தால் முன்னெடை மிகுதி. மேலே மிதந்து எழுந்தால் பின்னெடை மிகுதி. சைட் பின் படபடவென்று சிறு அளவில் துடித்தால் மொத்த எடை போதவில்லை என்றும், சோம்பலாக நகர்ந்து மையத்துக்குத் திரும்ப மறுத்தால் எடை கூடிவிட்டது என்றும் எடுத்துக்கொண்டேன். இந்தச் சோதனைகளைப் பயிற்சியின் தொடக்கத்தில் செய்யாமல், கை களைத்துப்போன கடைசி அரைமணியில் செய்ததுதான் எனக்குப் பயன்பட்டது. முன்னே 3, பக்கத்துக்கு 5 அவுன்ஸ் என்று வந்து நின்றது.

காம்பவுண்ட் (கப்பிகள் கொண்ட வில்) எய்பவரின் அனுபவம்

மேலே எழுதிய நண்பரின் கணக்கு எங்களுக்கும் பொருந்தும், ஆனால் எங்கள் வில் வேறு சுமையைக் கையில் தருகிறது. 60 பவுண்ட் வில்லில் 80 விழுக்காடு லெட்-ஆஃப் (முழு இழுப்பில் குறையும் இழுவிசை) இருந்தால், முழு இழுப்பில் பிடித்திருப்பது 12 பவுண்ட்தான். நாண் பக்கத்து இழுவிசை குறைவாக இருப்பதால், வில்லின் சிறு சாய்வும் சைட் பின்னில் உடனே தெரிந்துவிடுகிறது. சைட்டும் அம்பைத் தாங்கும் ரெஸ்ட்டும் வலது பக்கம் இருப்பதால், வலக்கையால் இழுப்பவரின் வில் இயல்பாகவே அந்தப் பக்கம் சாய முனையும். அதனால்தான் பலரும் பின்ராடு ஒன்றை மட்டும் இடது பக்கம் மாட்டுகிறார்கள்.

நானும் சைட்டில் உள்ள மட்டக் குமிழி நடுவில் நிற்கும்வரை அந்த இடது ராடில் எடையை ஏற்றிக்கொண்டே போனேன். கண்ணை மூடி வில்லை இழுத்து, நிலைப்பட்டபின் கண்ணைத் திறந்து குமிழியைப் பார்க்கும் சோதனையில் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. ஆனால் 50 மீட்டரில் அம்புகள் இடமும் வலமுமாகச் சிதறின. காரணம், நான் கைப்பிடியை முறுக்கிப் பிடித்திருந்தேன். அந்த முறுக்கை எடையால் மறைத்திருந்தேன். முறுக்கு நாளுக்கு நாள் மாறியது, எடை மாறவில்லை. உள்ளங்கையில் அழுத்தம் எங்கே விழுகிறது என்பதைத் திருத்திய பின், இடது ராடில் பாதித் தகடுகளைக் கழற்றும்படி ஆயிற்று. பக்கவாட்டு எடையைத் தொடுவதற்கு முன் கைப்பிடியைப் பாருங்கள் என்று எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

பேர்போ (சைட்டும் ஸ்டெபிலைசர் ராடும் இல்லாத வில்) எய்பவரின் அனுபவம்

எங்களுக்கு ராடே கிடையாது. எடையை ரைசரில் (கைப்பிடி உள்ள நடுப்பகுதி) நேரடியாகத்தான் பொருத்தலாம், அதுவும் நாண் பூட்டாத வில் 12.2 சென்டிமீட்டர் வளையத்தின் வழியே நுழைந்து வெளியேற வேண்டும். தூரம் என்ற உதவி இல்லாததால், வெறும் பொருண்மையைத்தான் நம்புகிறோம். ரைசரின் கீழ்ப்பகுதியில் கனமான உருளை ஒன்றைப் பொருத்தியபோது, அம்பு விட்டவுடன் மேல் லிம்ப் (வில்லின் வளையும் பகுதி) முகத்தை நோக்கி எழும் பழக்கம் நின்றது. ஒரு போட்டியின் நடுவில் அது தளர்ந்து கிணுகிணுவென்று ஒலித்ததும், நான் இரண்டு சுற்றுகள் லிம்பைப் பழித்துக்கொண்டிருந்ததும் தனிக்கதை.

ரிகர்வ் எய்பவரின் மறுமொழி

தளர்ந்த எடை பற்றிய செய்தி என்னையும் சுடுகிறது. அதிர்வைத் தணிக்கும் ரப்பர் டாம்பருக்கும் தகடுக்கும் இடையிலுள்ள திருகை அதிர்வு தளர்த்திவிடுகிறது என்பதால், இப்போது ஒவ்வொரு இலக்குப் பயணத்திலும் அதை விரலால் ஒரு முறை திருகிப் பார்த்துக்கொள்கிறேன்.

கைப்பிடி முறுக்கு பற்றிச் சொன்னவருக்கு ஒரு கேள்வி. ரிகர்வில் எங்களுக்குக் குமிழி அனுமதி இல்லை. அம்பு விட்டபின் வில், அதைக் கீழே விழாமல் பிடிக்கும் விரல் கயிற்றில் எந்தப் பக்கம் உருளுகிறது என்பதை வைத்துத்தான் நான் சாய்வைக் கணிக்கிறேன். கடந்த வாரம் அது தொடர்ந்து இடப்பக்கமே உருண்டது. வலது சைடு ராடில் ஓர் அவுன்ஸ் சேர்க்கக் கை நீண்டது; உங்கள் பதிவைப் படித்தபின் தகட்டைப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன். கைப்பிடியில் சுண்ணத்தூள் பூசி, உள்ளங்கையில் பதியும் அடையாளத்தை முதலில் பார்க்கப்போகிறேன். நீங்கள் அந்த அழுத்தத்தை எந்த முறையில் கண்டுபிடித்தீர்கள்?