உறுதிக் காணிக்குள் காடு: ‘உட்பிரவேசிக்கத் தடை’ பலகை போட்டவர்களின் அனுபவங்கள்

படுவான்கரையான்:

ஆயித்தியமலைப் பக்கம் அப்பாவின் உறுதிக் காணி, அதாவது பத்திரம் உள்ள தனியார் நிலம். 90இல் யுத்தத்தால் விட்டுவிட்டு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைக்கு வந்தோம். 2007க்குப் பிறகுதான் நிம்மதியாகப் போய்ப் பார்க்கக் கிடைத்தது. கஜு நின்ற இடமெல்லாம் வீரையும் பாலையும் முதிரைக் கன்றுகளும். வெட்டித் துப்புரவாக்காமல் அப்படியே விடுவதென்று அண்ணன் தம்பிகள் முடிவெடுத்தோம். வில்லங்கம் அங்கேதான். வயல் என்றால் ஒருத்தருடையது என்று ஊருக்குத் தெரியும். காடு என்றால் அரசாங்கக் காடு, ஆரும் போகலாம். எங்கட ஆக்களின் கணக்கு இதுதான்.

முதலில் பிளெக்ஸ் அடித்துக் கட்டினோம். மாரி முடிந்து போனால் ஆளைக் காணோம். வரும் வழியில் ஒரு ஆட்டுக்கொட்டிலின் கூரையில் ‘உட்பிரவேசிக்கத் தடை’ தலைகீழாகக் கிடந்தது, உள்ளே ஆடுகள் நின்றன. பிறகு போட்ட தகரமும் போனது. கொங்கிறீட் தூண் நட்டோம், யானை முதுகு தேய்த்துச் சாய்த்துவிட்டது. இப்போது நிற்கும் பலகையில் எழுத்து இல்லாத இடமெல்லாம் ஆணியால் ஓட்டை குத்தி வைத்திருக்கிறோம். ஓட்டைத் தகரத்தைக் கூரைக்கு ஆரும் கழற்ற மாட்டான். மரத்தில் ஆணி அடிக்கவில்லை. பழைய சைக்கிள் ரியூப்பைச் சுற்றி அதன்மேல் கம்பி, மரம் பருக்கப் பருக்கத் தளர்த்திவிடலாம். கை எட்டாத உயரம்.

பலகைக்கு நேர் கீழே ஒரு நாள் ஒரு அம்மா கொள்ளிக்கட்டை இறக்கி வைத்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு இருந்தா.

“பெரியம்மா, மேல எழுதியிரிக்கிறத்தப் பாக்கல்லையா?”

“பாத்தன் மனே. அது வெட்டுறவனுக்குத்தானே? நான் பொறுக்கிறன். உங்கப்பா இருக்கக்குள்ளயும் நான் இஞ்சதான் பொறுக்கினன்.”

அவ பகிடிக்குச் சொல்லவில்லை. ‘தடை’ என்ற ஒரே சொல்லை விறகு பொறுக்குகிறவர், தேன் எடுக்கிறவர், மாட்டுக்காரர், முதிரை கடத்துகிறவன் எல்லாரும் ‘இது நமக்கில்லை’ என்றுதான் வாசிக்கிறார்கள். அதனால் வாசகத்தையே மாற்றினோம்: ‘தனியார் காணி. பச்சை மரம் வெட்டுதல், வேட்டை, தீ மூட்டுதல் முற்றாகத் தடை. காய்ந்த விறகு பொறுக்கலாம்.’ கீழே தொலைபேசி இலக்கம்.

அந்த இலக்கம் செய்த வேலையைத்தான் சொல்ல வந்தேன். ஒரு இரவு தெரியாத நம்பரில் இருந்து அழைப்பு. “தம்பி, உங்கட பலகையில பாத்துத்தான் எடுக்கன். லாண்ட்மாஸ்டர் (கை உழவு இயந்திரம்) ஒண்டு லைட்ட நூத்துப்போட்டு உங்கட காணிக்குள்ள போகுது.” எடுத்தவர் பட்டிக்காரர், மாடு தேடி வந்தவர். பொலிஸுக்குச் சொல்லி நாங்கள் போய்ச் சேர, வெட்டின முதிரை கிடந்தது, ஆட்கள் இல்லை. மரம் போனது போனதுதான், ஆனால் ஏற்றவில்லை. நாங்கள் மட்டக்களப்பு ரவுனில் இருந்துகொண்டு வேறு எப்படித்தான் கேள்விப்படுவது?

வாகரையில் இருந்து:

எங்களுக்குத் தேன்காரரோடுதான் சேட்டை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, பரம்பரையாகக் காட்டுக்குள் போகிறவர்கள். ஆனால் புகை போட்ட பந்தத்தைச் சரியாக அணைக்காமல் போட்டுவிட்டுப் போவார்கள். சோளகம் வீசும் காலத்தில் சருகு பெற்றோல் மாதிரி. போன வருடம் ஒரு மூலை கருகியது. கேட்டால், “பலகை எங்க ஐயா இரிக்கி? நாங்க காணல்லியே.” உண்மைதான். அப்பா பலகையை ரோட்டோரக் கடப்பில் (வேலி வாசலில்) போட்டிருந்தார், கடப்பால் வருகிறவன் எங்களோடு கதைத்துவிட்டுத்தான் வருவான். மற்ற எல்லாரும் வருவது ஆற்றுப் பக்கத்து யானைப் பாதையால். பலகை போட விரும்புகிறவர்கள் முதலில் தங்கள் காணியைச் சுற்றி நடந்து, சைக்கிள் தடமும் வெட்டின கொப்பும் எங்கே கிடக்கிறதென்று பாருங்கள். அங்கே போடுங்கள்.

பொத்துவில் காக்கா:

நம்மட பக்கம் வேற கதை. அறுகம்பேக்கு சீசனுக்கு வாற வெள்ளைக்காரன் பலகையக் கண்டா அந்த இடத்துலயே நிண்டுருவான். கூட்டிட்டு வாற ஆட்டோக்காரப் பொடியன்தான் “நோ ப்ரொப்ளம், மை அங்கிள்ஸ் லாண்ட்” எண்டு உள்ளுக்குக் கொண்டு போறான். நான் எப்படா உனக்கு அங்கிள் ஆனன்? கேட்டன். “இந்த ஊருல எல்லாரும் சொந்தம்தானே காக்கா” எண்டான். யானை பாக்கப் போய் ஒரு நாளைக்கு மிதிபட்டா பொலிஸ் முதல்ல வாறது காணிக்காரன்ட வீட்டுக்குத்தான். இப்ப மூணு பாஷையிலயும் எழுதி, ‘யானை நடமாட்டம்’ எண்டு அடியில சேத்திருக்கன். பொடியனுகளும் கொஞ்சம் குறைஞ்சிட்டானுகள்.

கல்முனைச் சட்டத்தரணி:

பலகை போட்டால் வந்தவனை உடனே உள்ளே தள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தண்டனைச் சட்டக்கோவையின் 427ஆம் பிரிவை வாசியுங்கள். அடுத்தவர் காணிக்குள் காலை வைத்தது மட்டும் குற்றவியல் அத்துமீறல் ஆகாது. குற்றம் செய்யவோ, இருப்பவரை அச்சுறுத்தவோ, அவமதிக்கவோ, தொந்தரவு கொடுக்கவோ எண்ணி நுழைந்திருக்க வேண்டும். அப்படி நிரூபித்தாலும் 433இன்படி உச்சம் மூன்று மாதச் சிறைதான். பலகை இருந்தால் ‘தெரியாமல் வந்துவிட்டேன்’ என்ற கதை எடுபடாது, அவ்வளவுதான் அதன் பெறுமதி. அந்தக் கொள்ளி பொறுக்கிய அம்மாவை எந்தப் பிரிவும் தொடாது, தொடவும் கூடாது.

என்னிடம் வருகிற காணி வழக்குகளில் பலகை உதவுவது வேறு இடத்தில். ஒருவன் உள்ளே வாடி (குடிசை) அடித்துக் குந்திவிட்டால், சமாதானக் குலைவு வரும் என்று 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் போகலாம். அங்கே நீதவான் உறுதியை ஆராய்வதில்லை. தகவல் தாக்கல் செய்த அன்று யார் ஆட்சியில் இருந்தார் (காணியைக் கையில் வைத்திருந்தார்), அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் யாராவது பலவந்தமாக வெளியேற்றப்பட்டாரா என்றுதான் பார்ப்பார். காடாக விட்ட காணியில் ‘நான்தான் ஆட்சியில் இருந்தேன்’ என்று எதைக் காட்டுவீர்கள்? பலகை, எல்லை துப்புரவாக்கிய கூலிக் கணக்கு, திகதியோடு எடுத்த படம், பொலிஸ் என்றி. ஆறு மாதம் கழித்து வந்து அழுபவர்களுக்கு அந்தக் கதவு மூடிவிடும். பிறகு மாவட்ட நீதிமன்றம், வருடக்கணக்கு.

அதோடு பத்து வருட ஆட்சி. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி தடையின்றிப் பத்து வருடம் எதிராட்சி செய்தவன், அதாவது சொந்தக்காரருக்கு எதிராகத் தன்னுடையதென்று வைத்திருந்தவன், உரிமை கோரலாம். யுத்தத்தால் போக முடியாமல் இருந்தவர்களுக்காக 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது; 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அவர்களுக்கு எதிராக எண்ணக்கூடாதென்று சொல்லி, வழக்குப் போட இரண்டு வருட அவகாசம் கொடுத்தது. படுவான்கரையில் எத்தனை பேருக்கு இது நேரத்துக்குத் தெரிந்தது என்பது தனிக் கதை.

பேர்மிட் காணிக்காரர் (அரச காணியை அனுமதிப்பத்திரத்தில் வைத்திருப்பவர்கள்) பலகைக்கு முன்னம் பிரதேச செயலகத்தில் நிபந்தனையைக் கேட்டுக்கொள்ளுங்கள். பயிர் செய்யக் கொடுத்ததைக் காடாக விட்டால் பேர்மிட்டுக்கே ஆபத்து வரலாம்.

டெக்சாஸ் மச்சான் (ஊர் செங்கலடி):

இங்கே பலகையே வேண்டாம், மரத்தில் ஊதாப் பெயின்ற் கோடு இழுத்தால் சட்டப்படி அதே அர்த்தம். கோடு நிலத்துக்கு நேர்குத்தாக, 8 அங்குலத்துக்குக் குறையாத நீளம், 1 அங்குலத்துக்குக் குறையாத அகலம். அடி நுனி நிலத்தில் இருந்து 3 முதல் 5 அடி உயரத்தில். காட்டு நிலத்தில் 100 அடிக்கு ஒன்றாவது இருக்க வேண்டும். களவு போகாது, யானையும் சாய்க்காது. ஊரிலும் இதைச் செய்யலாமே?

படுவான்கரையான்:

மச்சான், இஞ்ச மரத்துல பெயின்ற் கண்டா வெட்டுறத்துக்கு அடையாளம் போட்டிருக்கு எண்டு கோடரியோட வருவானுகள். நீ அங்கயே கோடு இழு.

சாகாமத்தான்:

எங்கட பக்கத்துக் காணிக்காரர் ஒருவர் எங்கோ கிடந்த பழைய மண்டையோட்டுப் பலகை, அந்தச் சிவப்பு ‘மிதிவெடி கவனம்’, எடுத்து வேலியில் கட்டினார். கள்ளன் ஒருத்தனும் வரவில்லை. ஆனால் வேலி அடைக்கக் கூலியாளும் வரவில்லை, தேங்காய் பறிக்கவும் ஆள் இல்லை. கிராம சேவகர் பதறிப்போய் மேலே அறிவிக்க, விசாரணைக்கு வந்துவிட்டார்கள். செய்யாதீர்கள். இந்த ஊரில் அந்தப் பலகையை நம்பி உயிர் தப்பினவர்கள் இருக்கிறார்கள், நாளைக்கு உண்மையான ஒன்றை யாரும் நம்பாமல் போய்விடக் கூடாது.

இன்னொருவர்:

‘கட்டுத்துவக்கு உண்டு’ (மிருகம் தட்டினால் வெடிக்கக் கட்டி வைக்கும் துவக்கு) என்று எழுதினால் போதாதா?

கல்முனைச் சட்டத்தரணி:

கட்டுத்துவக்கு வைப்பதே சட்டவிரோதம். பன்றிக்கென்று வைத்ததில் மாட்டுக்காரன் விழுந்தால், அந்தப் பலகையை நீங்களே எழுதிக் கொடுத்த வாக்குமூலமாக நீதிமன்றத்தில் காட்டுவார்கள். கரண்ட் கம்பியும் அப்படித்தான். கவனயீனத்தால் மரணம், 298ஆம் பிரிவு. பொய்யாக எழுதுவதும் வேண்டாம்.

வாகரையில் இருந்து:

மாடு வந்தால் என்ன செய்கிறீர்கள்? மாட்டுக்குப் பலகை வாசிக்கத் தெரியாதே.

படுவான்கரையான்:

மாட்டு அத்துமீறலுக்கு 1876ஆம் ஆண்டிலிருந்தே கட்டளைச் சட்டம் இருக்கிறது, பிடித்துக் கட்டி நட்டம் கேட்கலாம். நாங்கள் கேட்பதில்லை. பெரும்போகம் விதைத்தால் வட்டைக்குள் (வயல்வெளிக்குள்) மாடு நிற்க முடியாது, மயிலத்தமடு–மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023இல் சித்தாண்டியில் தெருவில் இருந்து போராடியதை எல்லாரும் பார்த்தோம். மாடுகள் வேறு எங்கே போகும்? பட்டிக்காரரோடு ஒரு ஒப்பந்தம்: கன்று நட்டிருக்கும் கிழக்குப் பக்கம் வரக்கூடாது, மற்றப் பக்கம் மேயலாம், பட்டி அடைக்கக் கூடாது. கிழக்குப் பக்கம் மட்டும் முள்ளுக்கம்பி அடித்திருக்கிறோம். இரவில் அழைப்பு எடுத்தவரும் அவர்களில் ஒருவர்தான். தைப்பொங்கலுக்குத் தயிர்ச் சட்டியும் வரும், அது ஒப்பந்தத்தில் இல்லை.

பலகை எழுத ஆள் தேடுகிறவர்களுக்கு: எனாமல் பெயின்றில் கையால் எழுதுவிக்கவும். ஸ்ரிக்கர் இரண்டு வெயிலுக்குத் தாங்காது. தொலைபேசி இலக்கத்தைக் கறுப்பில் எழுதுங்கள், சிவப்புத்தான் முதலில் வெளிறுகிறது.