புது பேட்டரி போட்டும் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை (பழைய பைக், 2014 மாடல்)

போடிக்காரன்:
வணக்கம். செகண்ட் ஹேண்டில் 150 சிசி பைக் ஒன்று வாங்கியிருக்கிறேன். கார்புரேட்டர் வண்டி, கிக்கர் உண்டு. காலையில் செல்ஃப் பட்டனை அழுத்தினால் 'டிக் டிக்' என்று சத்தம் மட்டும் வருகிறது, மீட்டர் விளக்கு மங்கிவிடுகிறது. சோக் போட்டு உதைத்தால் உடனே எடுக்கிறது. பேட்டரி போய்விட்டது என்றார் மெக்கானிக், மாற்றினேன். கொஞ்ச நாள் நன்றாக இருந்தது, மறுபடி அதே தொல்லை. இப்போது செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொல்கிறார். ஏலத்தோட்ட வேலைக்காக விடிகாலையில் போடிமெட்டு ஏறி பூப்பாறை போகிறவன் நான். இருட்டில் ஏறிப்போய் வந்தால் மறுநாள் இன்னும் மோசம். மோட்டார் மாற்றலாமா?

ரைடர்_மதுரை:
பிளக்கை மாற்றிப் பாருங்கள் ப்ரோ. எனக்கு அதில்தான் சரியானது.

பழைய எலக்ட்ரீஷியன்:
தம்பி, மோட்டாரில் கை வைக்க வேண்டாம். பிளக்கும் காரணம் இல்லை. உதைத்தவுடன் வண்டி எடுக்கிறது என்றால் பிளக், சிடிஐ (பிளக்குக்குப் பொறி கொடுக்கும் யூனிட்) எல்லாம் நன்றாக இருக்கிறது. அந்த 'டிக் டிக்' செல்ஃப் ரிலேயின், அதாவது மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்சின் சத்தம். மோட்டார் கரண்ட் இழுத்ததும் வோல்டேஜ் சரிகிறது, ரிலே விட்டுவிடுகிறது, திரும்பப் பிடிக்கிறது. பேட்டரியில் சார்ஜ் இல்லை என்றுதான் வண்டி சொல்கிறது. புது பேட்டரியும் இறங்குகிறது என்றால், அதற்கு ஏன் சார்ஜ் ஏறவில்லை என்று பார்க்க வேண்டும்.

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று வாங்குங்கள், பேட்டரி விலையோடு பார்த்தால் அது பெரிய செலவு இல்லை. காலையில் சாவி போடுவதற்கு முன் பேட்டரி முனைகளில் வையுங்கள். நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். செல்ஃப் அழுத்தும்போது 10க்குக் கீழே போகக்கூடாது. அப்புறம் உதைத்து எடுத்து, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கிப் பிடியுங்கள். 13.5லிருந்து 14.5க்குள் வர வேண்டும். மூன்று எண்ணையும் இங்கே எழுதுங்கள், அதுவரை எந்தப் பாகமும் வாங்க வேண்டாம். இன்னொன்று, முந்தைய ஓனர் கூடுதலாக ஏதாவது விளக்கு, ஹாரன், அலாரம் மாட்டியிருக்கிறாரா?

போடிக்காரன்:
அண்ணா, காலையில் 11.9. செல்ஃப் அழுத்தினால் 7 பக்கம் போகிறது. எடுத்தபின் முறுக்கினாலும் 12.1தான், ஹெட்லைட் போட்டால் அதுவும் குறைகிறது. முன்னால் இரண்டு ஃபாக் லைட் இருக்கிறது. பனிமூட்டத்துக்கு ஆகும் என்று நான் கழற்றவில்லை.

பழைய எலக்ட்ரீஷியன்:
அப்படியானால் சார்ஜே வரவில்லை. மலையேறும்போது ஹெட்லைட்டும் ஃபாக் லைட்டும் பேட்டரியையே தின்கின்றன.

என்ஜினிலிருந்து, அதாவது மேக்னட் காயிலிலிருந்து, ஆர்ஆர் யூனிட்டுக்கு (காயிலின் ஏசியை டிசியாக்கி, அளவாகப் பேட்டரிக்கு அனுப்பும் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்) போகும் ஒயர்களைத் தேடுங்கள். பெரும்பாலும் மஞ்சள் நிறம், மூன்று இருக்கும். நடுவில் ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் கப்ளர் ஒன்று இருக்கும், முதலில் அதைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். பழைய வண்டிகளில் நான் அதிகம் பார்த்தது அந்த இடத்தைத்தான். உள்ளே இருக்கும் உலோகப் பின் தளர்ந்து, சூடாகி, பிளாஸ்டிக் உருகிக் கறுத்திருக்கும். கப்ளர் சுத்தமாக இருந்தால் அதைக் கழற்றிய நிலையிலேயே வண்டியை எடுத்து, மீட்டரை ஏசி வோல்டேஜுக்கு மாற்றி, இரண்டிரண்டு ஒயராக அளவு பாருங்கள். மூன்று ஜோடியும் ஒரே அளவு காட்டி, முறுக்க முறுக்க ஏற வேண்டும். ஏதாவது ஒரு ஜோடி குறைந்தாலும் காயில் போய்விட்டது. மூன்றும் சமமாக ஏறினால் ஆர்ஆர் யூனிட்டைச் சந்தேகப்படலாம். அளக்கும்போது வெறும் பின்னில் விரல் படக்கூடாது, நன்றாக அடிக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு மட்டும் வண்டியை ஓட்டிவிடாதீர்கள், மற்ற யூனிட்டும் எரிந்துபோகலாம்.

போடிக்காரன்:
கப்ளர்தான் அண்ணா! பாதி உருகி ஒரு பின் கறுத்துப் போயிருக்கிறது. இங்கே ஒரு எலக்ட்ரீஷியன் அதை வெட்டிவிட்டு, ஒயரைச் சுரண்டிப் புது கப்ளர் போட்டுக் கொடுத்தார். இப்போது முறுக்கினால் 14.1. ஃபாக் லைட்டை என்ன செய்வது? பூப்பாறைப் பக்கம் அது இல்லாமல் கஷ்டம்.

பழைய எலக்ட்ரீஷியன்:
ரொம்ப சந்தோஷம் தம்பி. ஃபாக் லைட் இருக்கட்டும், பாதுகாப்பு முக்கியம். ஹெட்லைட் ஒயரில் ஒட்டுப் போட்டிருந்தால் அதைப் பிரித்து, பேட்டரியிலிருந்து தனி ஃப்யூஸ், தனி ரிலே வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். பழைய குண்டு பல்பாக இருந்தால் எல்இடி போடுங்கள், இழுக்கும் கரண்ட் நிறையக் குறையும். எல்லாம் போட்டு முறுக்கினாலும் 13.5க்குக் குறையாமல் நிற்கிறதா என்று ஒரு தடவை அளந்துவிடுங்கள். பேட்டரி இத்தனை நாள் பட்டினி கிடந்திருக்கிறது, ஓட்டி மட்டும் நிரப்ப முயற்சி செய்ய வேண்டாம். கழற்றி சார்ஜரில் மெதுவாக ஏற்றுங்கள். 9 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் 0.9 ஆம்பியர் போதும்.