ஆயுதம் எடுக்காமல் போர்முனைக்குப் போன தாமஸ் பென்னட்

கேள்வி: வியட்நாம் போரில் 21 வயதில் இறந்த ராணுவ மருத்துவ உதவியாளர் தாமஸ் பென்னட்டைப் பற்றி இப்போதுதான் படித்தேன், மனசு கேட்கவில்லை. யாரையும் கொல்ல மாட்டேன் என்றவர் எப்படிப் போர்முனைக்குப் போனார்? அவரை எங்காவது நினைவுகூர்கிறார்களா?

பதில்: அமெரிக்கச் சட்டத்தில் அதற்கு இடம் இருந்தது. கொல்ல மறுப்பவர்கள் விரும்பினால் ராணுவத்திலேயே ஆயுதம் தொடாத வேலை செய்யலாம். பலரும் மருத்துவ உதவியாளர்களாகத்தான் போனார்கள். 1969 பிப்ரவரி 9 அன்று அவருடைய பிரிவு சூ பா பகுதியில் சிக்கிக்கொண்டபோது, பென்னட் குண்டுமழைக்குள் அடிபட்ட ஒவ்வொருவரிடமும் ஓடி, கட்டுப் போட்டு, பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார், இரவெல்லாம் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். 11ஆம் தேதி, அவர் இருந்த இடத்துக்கு முன்னால் ஒருவர் அடிபட்டுக் கிடந்தார். எதிரிக்கு ரொம்பப் பக்கம், எட்ட முடியாது என்று சொல்லியும் பாய்ந்து போனார். அங்கேயே சுடப்பட்டார்.

பதில்: நினைவுகூராமலா? 1970இல் அமெரிக்க ராணுவத்தின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஹானரை அவர் குடும்பத்திடம் கொடுத்தார்கள். வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் விடுதிக்கு அவர் பெயர்தான். வாஷிங்டனில் உள்ள வியட்நாம் போர் நினைவுச் சுவரிலும் அவர் பெயர் இருக்கிறது.

பதில்: அப்புறம் ஷாரன் லேனையும் தேடிப் படியுங்கள். ராணுவச் செவிலியர், 25 வயது. அதே 1969, ஜூன் 8, சூ லாய் மருத்துவமனையில் வியட்நாமியர்களுக்கான வார்டில் பணியில் இருந்தபோது ராக்கெட் விழுந்து இறந்தார். எனக்கு இவர்கள் இருவரையும் பிரித்து நினைக்கவே முடிவதில்லை.