சென்ட்ஓஎஸ் 7-இல் ஓடும் மென்பொருள், புது சர்வர்: ஏறுமா?

குழித்துறைக்காரன்:
மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட் மொத்த வியாபாரக் கடை ஒன்றுக்கு நான்தான் கம்ப்யூட்டர் ஆள். பழைய சர்வர் இந்த மழையைத் தாண்டாது போல. ஃபேன் சத்தம் எடை போடும் இடம் வரை கேட்கிறது. கணக்கு மென்பொருள் சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் ஓஎஸ்ஸில் ஓடுகிறது, எழுதிக் கொடுத்தவர் வேறு எதிலும் ஓட்டிப் பார்த்ததில்லையாம். திருவனந்தபுரத்து டீலர் புது சர்வருக்குக் கொட்டேஷன் அனுப்பியிருக்கிறார். கேட்டால், "லினக்ஸ் எல்லாம் ஏறும் சாரே" என்கிறார். முதலாளி காசு கொடுக்கும் முன் எதை, எங்கே பார்க்க வேண்டும்?

தக்கலை பழையவன்:
எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு என்று அவரிடம் கேள் தம்பி. சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-ஓடு ஆயுள் முடிந்தது. அதன் கர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) 3.10, இப்போது வரும் கார்டுகளை இயக்கும் டிரைவர் அதில் எங்கே இருக்கும்? பெரும்பாலும் சிக்கல் தருவது ரெய்டு கார்டும் (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்துக் காட்டுவது) நெட்வொர்க் கார்டும்தான். இன்ஸ்டால் திரை அழகாக வரும், டிஸ்க் தேர்வு செய்யும் இடத்தில் பட்டியல் காலியாக நிற்கும்.

கொட்டேஷனில் வெறுமனே "ரெய்டு கன்ட்ரோலர்" என்று போட்டிருந்தால் திருப்பி அனுப்பு. முழு மாடல் பெயர் வேண்டும். அப்புறம் தயாரிப்பாளர் தளத்தில் அந்த சர்வருக்கான ஓஎஸ் ஆதரவுப் பட்டியலைப் பார், சென்ட்ஓஎஸ்ஸுக்கு மூலமான ரெட் ஹேட் லினக்ஸின் எகோசிஸ்டம் கேட்டலாக்கிலும் தேடு. துணைப்பதிப்பைக் கவனி: ரெட் ஹேட் 9.4 முதல் என்றிருந்தால் கையில் இருக்கும் 9.0 ஐஎஸ்ஓவை (இன்ஸ்டால் கோப்பை) நம்பாதே. விலை குறைந்த மாடல்களில் ரெய்டே மென்பொருள் வழிதான். லினக்ஸில் டிஸ்க்குகள் தனித்தனியாகத் தெரியலாம்.

டீலரிடம் டெமோ மெஷின் இருந்தால் இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸ் ஓடும் லைவ் பென் டிரைவோடு போ. எல்எஸ்பிசிஐ -கே (lspci -k) என்ற கட்டளையை அடித்தால் ஒவ்வொரு கார்டுக்கும் கீழே டிரைவர் பெயர் வரும். பெயர் வராத கார்டுதான் வில்லங்கம்.

குளச்சல் அலை:
புது மெஷினில் அல்மாலினக்ஸ் 9 (ரெட் ஹேட் 9-க்கு இணையான இலவச லினக்ஸ்) போட்டு, கேவிஎம்முக்குள் (மெஷினுக்குள் இன்னொரு மெய்நிகர் மெஷினை ஓட்டும் வசதி) சென்ட்ஓஎஸ் 7-ஐ வைக்கலாமே. உள்ளே இருப்பதற்கு விர்ட்ஐஓ என்ற மெய்நிகர் டிஸ்க் மட்டும்தான் தெரியும், நிஜ ரெய்டு கார்டோடு அதற்கு வேலையே இல்லை. இன்டர்நெட் பக்கம் மட்டும் விடாதீர்கள், பாதுகாப்புத் திருத்தம் இனி வராது.

குழித்துறைக்காரன்:
நன்றி அண்ணே. மாடல் பெயர் கேட்டதற்கு டீலர், "கம்பெனியில் கேட்டுச் சொல்றேன்" என்கிறார். கேவிஎம் வழியை முதலில் கடையில் கிடக்கும் பழைய பிசியில் ஓட்டிப் பார்க்கிறேன்.

தக்கலை பழையவன்:
சரி. கேவிஎம் ஓட, பயாஸில் (மெஷின் தொடங்கும்போது வரும் அமைப்புத் திரை) விர்ச்சுவலைசேஷன் ஆன் செய்துகொள். கோர் 2 டூவோ என்ற பழைய பிராசஸர் காலத்து மெஷின் என்றால் அல்மாலினக்ஸ் 9 ஏறாது, 8 போடு.