ஏபிஏ லீக் அணிகளின் ஹோம் கோர்ட்: பெரிய அரங்கு இருந்தும் சின்னது எதற்கு? வாடகை மரத்தரையில் எதைப் பார்க்க வேண்டும்?

பேஸ்லைன் (கேள்வி):

துபாய் அணி 2024-இல் ஏபிஏ லீகுக்குள் (பெரும்பாலும் முன்னாள் யுகோஸ்லாவிய நாட்டு அணிகள் ஆடும் கூடைப்பந்து லீக்) வந்த பிறகு கோகோ கோலா அரீனாவுக்குப் போய் மேட்ச் பார்ப்பவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். எனக்கு இரண்டு சந்தேகம்.

செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் ரெட் ஸ்டார், பார்ட்டிசான் இரண்டு கிளப்புமே சில மேட்சை ஷ்டார்க் அரீனாவிலும் சிலதைப் பயோனிரிலும் ஆடியிருக்கின்றன. 18,000 பேர் உட்காரும் இடம் கையில் இருக்கும்போது, அதில் பாதிகூட இல்லாத பயோனிர் எதற்கு?

அடுத்தது, கச்சேரி முடிந்த கான்கிரீட் தளத்தில் மரத்தரை எப்படி வந்து உட்காருகிறது? எங்கள் கிளப் ஒரு பல்நோக்கு மண்டபத்தில் வாடகைத் தரை போட்டு டோர்னமென்ட் நடத்தப் பார்க்கிறது. தரை வந்து இறங்கியதும் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

ஆறாவது_ஆள்:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். "கையில் இருக்கும்போது" என்பதில்தான் சிக்கல். ஷ்டார்க் அரீனா இரண்டு கிளப்புக்குமே சொந்தமில்லை, இருவரும் வாடகைக்காரர்கள். 2004-இல் திறந்த அந்த அரங்கில்தான் 2005 யூரோபாஸ்கெட் (ஐரோப்பிய நாடுகளின் கூடைப்பந்துக் கோப்பை), 2008 யூரோவிஷன் பாட்டுப் போட்டி, 2018 யூரோலீக் (ஐரோப்பாவின் முதல்நிலை கிளப் போட்டி) ஃபைனல் ஃபோர் எல்லாம் நடந்தன. கச்சேரியும் கண்காட்சியும் தேதிகளைப் பிடித்துக்கொண்ட பிறகு மிச்சம் இருப்பதை இரண்டு பரம எதிரிகள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். யூரோலீக், ஏபிஏ, உள்நாட்டு லீக் என்று மூன்று அட்டவணை வேறு.

கூட்டக் கணக்கையும் பாருங்கள். பார்ட்டிசான் 2009 மார்ச்சில் கிரேக்க அணி பனத்தினைகோஸுடன் ஆடியபோது அங்கே நின்று பார்த்தவர்களையும் சேர்த்து 22,567 பேர். 2014-இல் ரெட் ஸ்டார், ஐரோப்பாவின் இரண்டாம்நிலை கிளப் போட்டியான யூரோகப்பில் உக்ரைன் அணி புடிவெல்னிக்கோடு ஆடியபோது 24,232 பேர். அது பெரிய எதிரணி வந்த இரவுகளின் கதை. புதன்கிழமை சாயங்காலம் ஒரு சின்ன ஊர் அணி வந்தால் 4,000 பேர் வருவார்கள். அந்த 4,000 பேர் ஷ்டார்க்கில் உட்கார்ந்தால் ஆளில்லாத நாற்காலிதான் கண்ணில் படும். பயோனிரில் உட்கார்ந்தால் எதிரணி கோச் டைம் அவுட்டில் கத்தித்தான் பேச வேண்டும். விளக்கு, ஏசி, காவல், வாசல் ஆட்கள் என்று செலவும் அரங்கின் அளவுக்கு ஏறும்.

பயோனிர் 1973-இல் கட்டியது. 2016-இல் பயிற்சியாளர் அலெக்சாண்டர் நிகோலிச் பெயர் வைத்தார்கள், ஆனாலும் ஊர்க்காரர்கள் வாயில் பயோனிர்தான். சுமார் 8,000 பேர் கொள்ளும். ஃப்ரீ த்ரோ போடுகிறவர் முதுகில் சத்தம் விழும் தூரம்தான்.

ஏபிஏ-வுக்குள்ளேயே அளவு எவ்வளவு மாறுகிறது பாருங்கள்: ஸ்லோவேனியத் தலைநகர் லுப்லியானாவின் ஸ்டோஜிட்சே அரங்கு 12,480 இருக்கை, 2010-இல் திறந்தது. துபாயின் கோகோ கோலா அரீனா 17,000 வரை, 2019-இல் திறந்தது. போஸ்னியாவின் லக்டாஷியில் இகோகேயா அணி ஆடும் மண்டபம் மூவாயிரம் சொச்சம். மூன்றிலும் கோர்ட் 28 × 15 மீட்டர்தான். என்னைக் கேட்டால் லீகுகள் இருக்கை எண்ணிக்கையைப் பிடித்துத் தொங்குவது கொஞ்சம் அதிகம்.

மேப்பிள்பலகை:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், கொஞ்சம் நீளும்.

28 × 15 கோர்ட்டைச் சுற்றி 2 மீட்டர் காலியிடம் வேண்டும். ஆகவே தரை குறைந்தது 32 × 19, அதாவது 608 சதுர மீட்டர். பெயர்த்து எடுக்கும் தரையின் பலகைகள் பெரும்பாலும் 4 × 8 அடி. ஒன்று மூன்று சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஆகக் கிட்டத்தட்ட 205 பலகை. கோர்ட்டுக்கு வெளியே மேசை, பெஞ்சு இருக்கும் இடத்துக்கும் சேர்த்தால் இன்னும் ஏறும். வாடகைக்காரரிடம் "எத்தனை பலகை, மொத்தம் எத்தனை சதுர மீட்டர்" என்று எழுதி வாங்குங்கள். சிலர் 28 × 15-க்கு மட்டும் கணக்குப் போட்டு அனுப்பிவிடுவார்கள்.

ஒவ்வொரு பலகைக்கும் வரிசை எண் உண்டு. நடுக்கோட்டைச் சுண்ணாம்பு நூலால் அடித்து, அங்கிருந்து இரண்டு பக்கமும் போட்டுக்கொண்டு போவது நல்லது. ஓரத்திலிருந்து தொடங்கினால் ஆரம்பத்தில் வரும் 2 மில்லிமீட்டர் கோணல் எதிர்மூலையில் கை நுழையும் இடைவெளியாக நிற்கும். அடியில் பிளாஸ்டிக் விரிப்பு போட மறக்காதீர்கள், கான்கிரீட்டின் ஈரம் மரத்துக்கு ஏறும். அதற்கு முன்னால் தளத்தைப் பெருக்கித் துடைக்க வேண்டும். கச்சேரி நடந்த இடமென்றால் காகிதத் துகளும் ஜிகினாவும் எங்கேயாவது ஒளிந்திருக்கும். ஒரு திருகாணி பலகைக்கடியில் மாட்டினால் போதும், அந்த இடம் ஆடும்.

பந்து செத்து விழுவதற்கு மூன்று காரணம்தான் பெரும்பாலும்: கான்கிரீட் பள்ளமாக இருந்து பலகை அந்தரத்தில் நிற்பது, பூட்டும் பின் முழுதாக இறங்காதது, அடியிலிருக்கும் ரப்பர் மெத்தை நைந்துபோனது. சோதனை சுலபம். ஒரே பந்தை 1.8 மீட்டரிலிருந்து கான்கிரீட்டில் போட்டு எழும்பும் உயரத்தைக் குறியுங்கள். பிறகு மரத்தரையில் ஒரு மீட்டருக்கு ஒரு இடம் என்று போட்டுப் பாருங்கள். ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 14904 கேட்பது கான்கிரீட்டில் எழும்புவதில் 90 சதவீதம். அதற்குக் கீழே போன இடத்தில் டேப் ஒட்டி, பலகையைத் தூக்கி, பள்ளத்துக்கு மெல்லிய பிளைவுட் துண்டு வையுங்கள். போட்டி தொடங்கிய பிறகு இதற்கு நேரம் கிடைக்காது, முந்தின நாளே முடித்துவிடுங்கள்.

ஈரப்பதம்தான் நம் பக்கத்து எதிரி. இந்தத் தரைகளுக்குப் பயன்படும் மேப்பிள் மரத்துக்கு 35 முதல் 50 சதவீத ஈரப்பதம் தோது. லாரியிலிருந்து இறக்கியதும் உடனே இறுக்கிப் பூட்டாமல் மண்டபக் காற்றில் ஆறவிடுங்கள். மரம் உப்பினால் நகர இடம் வேண்டும், சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள்.

பேஸ்லைன்:

நன்றி சார். ஏசி ஓடும் மண்டபம்தான். ஆனால் பொருள் இறக்கும் ஷட்டர் கோர்ட்டுக்கு நேர் பின்னால். அது பிரச்சினையா?

மேப்பிள்பலகை:

பெரிய பிரச்சினை. குளிர்ந்த தரைமேல் வெளியிலிருந்து ஈரக்காற்று வந்து படிந்தால் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் வரும், ஷூ வழுக்கும். எவ்வளவு துடைத்தாலும் மறுபடி வந்துகொண்டே இருக்கும். 2012 நவம்பரில் அமெரிக்காவில் விமானந்தாங்கிக் கப்பல் தளத்தில் வைத்த கல்லூரி மேட்ச் ஒன்று இதனால் தொடங்கவே இல்லை. வேறொரு போர்க்கப்பலில் நடந்தது பாதியோடு நின்றது. ஆட்டம் தொடங்க நாலைந்து மணி நேரம் முன்பே ஷட்டரை மூடிவிடுங்கள். ஏசியை ஜில்லென்று வைக்கவும் வேண்டாம்.

பனிச்சறுக்குத் தளத்தின்மேல் மரத்தரை போடும் அரங்குகளுக்கு இந்தத் தொல்லை தினசரி. லுப்லியானாவின் பழைய டிவோலியில் பனிக்கு ஒரு கூடம், கூடைப்பந்துக்கு ஒரு கூடம் என்று ஒரே கூரையின்கீழ் பிரித்தே கட்டிவிட்டார்கள். பயோனிர் பக்கத்திலும் பனிக்குத் தனிக் கூடம்தான். புத்திசாலிகள்.

ரிங்_மட்டம்:

தரையைப் பற்றி மேப்பிள் அண்ணன் சொல்லிவிட்டார். ரிங்கைத் தாங்கும் போஸ்ட் பக்கம் ஒரு சிக்கல் இருக்கிறது.

சக்கரம் வைத்த போஸ்ட்டின் அடிப்பாகம் எண்ட் லைனின் (ரிங்குக்குப் பின்னாலுள்ள எல்லைக்கோடு) வெளி விளிம்பிலிருந்து 2 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அண்ணன் சொன்ன 32 × 19 தரையும் சரியாக 2 மீட்டரில் முடிகிறது. அப்படியானால் போஸ்ட் கான்கிரீட்டில் நிற்கும், ஆட்டக்காரர் மரத்தில் நிற்பார். தரை 8 சென்டிமீட்டர் கனம் என்றால் ரிங் 8 சென்டிமீட்டர் தாழ்ந்துவிடும். போஸ்ட்டுக்கு அடியிலும் அதே கனத்தில் தளம் போடுங்கள், அல்லது ஜாக்கியில் ஏற்றுங்கள். ஜாக்கியில் ஏற்றினால் போர்டு சாயாமல் இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும்.

அளவுகள்: ரிங்கின் மேல் விளிம்பு மரத்தரையிலிருந்து 3,050 மில்லிமீட்டர், கூடக்குறைய 6 வரை போகலாம். போர்டின் கீழ் விளிம்பு 2,900. போர்டு முகம் எண்ட் லைனின் உள் விளிம்பிலிருந்து 1.2 மீட்டர் உள்ளே. போஸ்ட்டின் முன்பக்கப் பஞ்சு மெத்தை 2,150 உயரம், 100 கனம். டேப்பைப் போஸ்ட் அருகில் பிடித்து அளக்காதீர்கள். ரிங்குக்கு நேர் கீழே, இடம் வலம் இரண்டிலும் அளங்கள். ஒருபக்கம் 3,050, மறுபக்கம் 3,040 வருவது சகஜம், காரணம் பெரும்பாலும் ஒரு சக்கரம் பலகை மூட்டின்மேல் நிற்பது.

பந்தை ரிங்குக்கு எறிய மிச்சமுள்ள நேரம் காட்டும் 24 வினாடிக் கடிகாரத்தின் ஒயரை மரத்தரைக்கு அடியில் ஓட்டும் யோசனை வந்தால் விட்டுவிடுங்கள். அந்த வரியில் பலகை தூக்கிக்கொள்ளும். பழுதானால் தரையைப் பிரிக்க வேண்டும். எண்ட் லைனுக்கு வெளியே சுற்றி, ஒயர் பாலத்துக்குள் விட்டு மேசைக்குக் கொண்டுவாருங்கள். சைரனையும் போர்டு விளக்கையும் கூட்டம் வருவதற்கு முன்னால் நாலு தடவை ஓட்டிப் பாருங்கள்.

பேஸ்லைன்:

எங்களுக்குச் சொன்ன தரை 30 × 17 மட்டும்தான். பலகை எண்ணிக்கை கேட்டு இன்றே எழுதுகிறேன்.

மேப்பிள்பலகை:

30 × 17 என்றால் சுற்றிலும் ஒரு மீட்டர்தான் மிச்சம். ரிங் அருகே ஓடிவந்து பந்தைப் போட்டு (லே-அப்) அதே வேகத்தில் ஓடுகிறவர் மரத்திலிருந்து கான்கிரீட்டுக்குக் காலை இறக்குவார், கணுக்கால் அங்கேதான் மடங்கும். குறைந்தது 35 பலகை கூடுதலாகக் கேளுங்கள். இல்லை என்றால் அதே கனத்தில் பிளைவுட் மேடை போட்டு விளிம்பைச் சமப்படுத்தச் சொல்லுங்கள், சரிவுப் பட்டை ஒத்துக்கொள்ளாதீர்கள்.